சகிரிச்சோறு கழுவிய தண்ணீர்

மினியின் கணுக்காலுக்குச் சற்று மேலே சிசிலி தன் பெருவிரலை வைத்து அழுத்திவிட்டு எடுத்தாள். விரல் பதிந்த இடத்தில் குழி விழுந்தது. விழுந்த குழி எழும்பாமல் அப்படியே கிடந்தது. மருமகள் கட்டிலில் கிடந்தபடி, "என்ன மாமி, தெனமும் அமுக்கி அமுக்கிப் பாக்கியீங்க? சந்தையில வாங்குன மீனா நான்?" என்று சிரித்தாள். சிசிலியும் சிரித்து வைத்தாள். அமுக்கின குழி எழும்பாத மீன் கெட்ட மீன் என்பது கடற்கரையில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். மினிக்கும் தெரியும், அவளும் மீன்காரன் மகள்தான். அந்தப் பெண் அதை விளையாட்டாகச் சொல்லிவிட்டாள். சிசிலி போர்வையை இழுத்து அந்தக் காலை மூடினாள்.

மினிக்கு ஏழாம் மாதம். போன தடவை ஆஸ்பத்திரியில் சிஸ்டர் கையில் பட்டை சுற்றி பிரஷர் பார்த்தார், பார்த்துவிட்டு முகம் மாறி மறுபடியும் பார்த்தார். உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், தலைவேதனை வந்தாலோ கண் மங்கினாலோ நேரம் காலம் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்றார். மகன் சிஜோ கொல்லத்துப் பக்கம் போட்டில் வேலைக்குப் போயிருக்கிறான். புறப்படும்போது அம்மாவிடம் "பாத்துக்கிடணும்" என்று ஒரு சொல் சொன்னான், அவ்வளவுதான். அந்தச் சொல் அன்றிலிருந்து சிசிலியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல சிசிலி. குறைக்கச் சொன்ன உப்பை அடியோடு நிறுத்தினாள். மினியின் கஞ்சியில் உப்பில்லை, கூட்டானில் உப்பில்லை, ஆசைப்பட்டுக் கேட்ட மாங்காய்த் துண்டுக்கும் உப்பில்லை. நிறையக் குடிக்கச் சொன்ன தண்ணீரைச் சீரகம் போட்டு நன்றாகக் கொதிக்க வைத்து, ஜக்கில் நிறைத்துத் தலைமாட்டில் வைத்தாள். தீர்ந்தால் நிறைத்தாள், தீராவிட்டால் சண்டை போட்டாள். மினியும் பாவம், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அப்படியும் வீக்கம் இறங்கவில்லை. காலில் இருந்தது கைக்கு ஏறி, கையிலிருந்து கண்ணுக்குக் கீழே வந்து நின்றது. கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றி வைத்தார்கள்.

உப்பே இல்லாத கஞ்சியை அவள் முகம் சுளிக்காமல் குடிப்பதுதான் சிசிலிக்கு ஆச்சரியம். "வாயில வைக்க முடியுதா மக்களே?" என்று கேட்டால், "உப்பு பாகமாக்கும் மாமி, கணக்கா இருக்கு" என்பாள். பெரியவள் மனம் நோகக்கூடாதென்று பிள்ளை பொய் சொல்கிறது என்று நினைத்து சிசிலி அடுக்களையில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

முற்றத்தில் சகிரிச்சோறு காத்துக் கிடந்தது. தேங்காய் மட்டையான கதம்பையை அடித்து நார் எடுத்தபின் மிஞ்சும் தவிட்டு நிறத் தூளுக்குத்தான் அந்தப் பெயர். ஒரு காலத்தில் நார் மில்லுக்காரர்கள் அதைக் கொட்ட இடமில்லாமல் ஊரார் வாயில் விழுந்துகொண்டிருந்தார்கள். இப்போது அதற்கு வந்த வாழ்வைப் பார்க்கவேண்டும்! பாறசாலையிலும் நெய்யாற்றிங்கரையிலும் மொட்டைமாடியில் தோட்டம் போடும் சார்மாருக்கும் டீச்சர்மாருக்கும் மண் வேண்டாம், சகிரிச்சோறு நிறைத்த பைதான் வேண்டும். மண்ணைவிடக் கனம் குறைவு, ஊற்றின தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் சுகமாக ஓடும். எல்லாம் சரிதான். ஆனால் காரோடு ஊர் நார் மில்லுக்கு வரும் கதம்பை, ஆறு கடலில் சேரும் பொழிக்கரையில் உப்புத்தண்ணீரில் ஊறினது. அந்தத் தூளை நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி உப்பை இறக்காமல் செடி வைத்தால் வேர் வெந்துபோகும்.

கழுவுவது அயல்கூட்டம் என்கிற மகளிர் குழுவின் வேலை. கழுவுகிற இடம் சிசிலியின் முற்றம். காரணம் அவள் வீட்டுக் கிணறு. எந்த வேனலிலும் அது வற்றியதில்லை. போன வேனலில் அக்கம்பக்கத்துக் கிணறெல்லாம் அடிமண் காட்டியபோதும் இதில் கயிறு இரண்டு பிடிகூட அதிகம் இறங்கவில்லை. முதல் வீட்டைக் கடல் எடுத்துக்கொண்டு போனபிறகு, "இனி அதுக்க மொகத்துல முழிக்கண்டாம்" என்று உள்ளே தள்ளி வந்து இந்த வீட்டைக் கட்டிய அவள் புருஷன் ததேயூஸ், அண்ணன் தம்பிகளோடு இறங்கித் தன் கையால் வெட்டிய கிணறு. வீட்டைப் பற்றி அவர் பெருமை பேசமாட்டார், கிணற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். சிசிலிக்கு மட்டும் இங்கே வந்தபிறகும் கடல் பக்கம் காதை வைத்துப் படுக்கிற வழக்கம் போகவில்லை. அலை தூரத்தில் கேட்டால் தூங்குவாள். சத்தம் ஒரு பொடி கூடினாலும் எழுந்து வாசலில் நின்று பார்ப்பாள்.

வலைப்பையில் தூளைக் கட்டித் தொட்டியில் முக்கி, காலால் மிதித்து, எடுத்து வடியவிட வேண்டும். முதலில் இறங்கும் தண்ணீர் கட்டன்சாயா நிறத்தில் இருக்கும். அடுத்தது சற்று வெளுக்கும். பிறகு தெளியும். தெளிந்துவிட்டால் கழுவினது போதும். நிறம் போனால் உப்பும் போயிற்று என்றுதான் எல்லாரும் வைத்திருந்தார்கள்.

கஷ்டகாலம் ஸ்வப்னாவின் போனில் வந்தது. ஒற்றசேகரமங்கலத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே நாற்றுப்பண்ணை வைத்திருப்பவள் ஸ்வப்னா. கழுவின சகிரிச்சோறு முழுவதும் அவளுக்குத்தான் போகிறது. "சிசிலியக்கா, செடி ஒக்க கரியுது கேட்டியளா. இலைக்க ஓரம் தீ காட்டுன மாதிரி இருக்கு. களுவுனது போராது."

கழுவினது போதாது என்று சிசிலியைப் பார்த்து அதுவரை யாரும் சொன்னதில்லை. மீனானாலும் பாத்திரமானாலும் அவள் கழுவினால் கழுவினதுதான். ரோஷம் வந்து அடுத்த சாக்கை இன்னும் இரண்டு தடவை கூட்டிக் கழுவினாள். கூடவே வேலை செய்யும் பக்கத்து வீட்டுக் கிருபாபாய், "எக்கா, இப்பிடி கோருனா கெணறு தீந்துபோவும்" என்று கேலி செய்தாள். கிணறு தீரவில்லை. எவ்வளவு கோரினாலும் அதே மட்டத்தில் நின்றது. ஸ்வப்னாவிடமிருந்து மறுபடியும் போன் வந்தது. இந்தத் தடவை செடிகள் முன்னைவிட வேகமாகக் கரிந்துவிட்டன.

அன்றைக்குத்தான் சிசிலியைப் பயம் சரியாகப் பிடித்தது. இங்கே கழுவக் கழுவச் செடி கரிகிறது, அங்கே பார்க்கப் பார்க்க மினி வீங்குகிறாள். இரண்டையும் ஒரே கையால்தான் செய்கிறாள். தன் கைதான் விஷமோ என்று தோன்றியது.  மாதாவின் படத்துக்கு முன்னால் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். சகிரிச்சோற்றுக் கறை ரேகைகளில் ஏறியிருந்தது, வேறொன்றும் இல்லை. அதன்பிறகு கஞ்சி ஊற்றும் முன்பெல்லாம் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"கோவப்படாம ஒருக்க வந்து பாருங்க எக்கா" என்று ஸ்வப்னா கூப்பிட்டாள். மினியைத் ததேயூஸின் பொறுப்பில் விட்டு, சீரகவெள்ளம் ஜக்கு நிறைய வைத்து, "நான் வாறதுக்குள்ள இது தீந்திருக்கணும்" என்று மிரட்டிவிட்டு சிசிலி பஸ் ஏறினாள்.

பண்ணையில் ஸ்வப்னா அவளைப் பச்சைவலைப் பந்தலுக்குள் கூட்டிப்போனாள். ஒரு வரிசையில் மிளகாய்த் தைகள் இலை சுருண்டு, ஓரம் பழுத்து, சில ஈர்க்குச்சியாக நின்றன. எதிர் வரிசையில் அதே வயதுத் தைகள் கரும்பச்சையாகத் தழைத்து நின்றன.

"இது வேற எடத்து சகிரியா?" என்று கேட்டாள் சிசிலி.

"இல்லக்கா, நீங்க அனுப்பினதாக்கும். ஒரே சாக்கு. பாதிய நான் இஞ்ச எடுத்து எனக்க கெணத்து வெள்ளத்துல ஒருக்க களுவுனேன். மத்தத அப்படியே நெறச்சேன்." ஸ்வப்னா இழுத்தாள். "உங்களக் கொற சொல்லல்ல. இனி களுவாம அனுப்புங்க, நான் இஞ்ச ஆள் வச்சுக்கிடுதேன்."

சிசிலிக்குத் தலை சுற்றியது. தான் ஐந்தாறு தடவை கழுவியும் போகாதது இவள் ஒரு தடவை கழுவியதும் போயிருக்கிறது. அப்படியானால் கையேதான். கரிந்த வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளிறியதைக் கண்டு ஸ்வப்னா ஓடிப்போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அப்போதுதான் கோரிய தண்ணீர், செம்பு குளிர்ந்திருந்தது. சிசிலி ஒரு மிடறு குடித்தாள். செம்பை இறக்கி உள்ளே பார்த்தாள். மறுபடியும் குடித்தாள்.

"சீனி போட்டியா மோளே?"

ஸ்வப்னா சிரித்துவிட்டாள். "சீனியா? பச்சவெள்ளமாக்கும் எக்கா."

சிசிலி சிரிக்கவில்லை. நாக்கை அண்ணாக்கில் ஒட்டி ஒட்டி எடுத்தாள். இனிப்பு. தண்ணீர் இப்படியா இருக்கும்? தன் வீட்டுத் தண்ணீரின் ருசி என்ன என்று நினைத்துப் பார்த்தாள். சீரகத்தின் ருசி நினைவு வந்தது, சாயாவின் ருசி வந்தது, கஞ்சியின் ருசி வந்தது. தண்ணீரின் ருசி நினைவில் வரவில்லை. பிறந்ததிலிருந்து உப்புக் காற்றைத் தின்று, கருவாட்டைத் தின்று, கடல்நீர் தெறித்த கையையே நக்கி வளர்ந்த நாக்கு. அதற்கு எது உப்பு, எது உப்பில்லை? உப்பே போடாத கஞ்சியைப் 'பாகமாக்கும்' என்று மினி சொன்னது பொய்யில்லை. அடுக்களை ஜாடியில் உப்பு கொஞ்ச காலமாகத் தீரவே மாட்டேனென்று கிடந்ததும், கை தானாகவே உப்பைக் குறைத்துக்கொண்டு வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெஞ்சில் இடித்தன.

கடல் முன்வாசலில் வரும் என்று அவள் இத்தனை காலம் காது வைத்துக் கிடந்தாள். அது சத்தமே இல்லாமல் மண்ணுக்கு அடியில் நடந்து வந்து கிணற்றுக்குள் ஏறிவிட்டது. அந்தக் கிணறு வற்றாததற்கும் அதுதான் காரணம்.

"ரெண்டு குப்பி வெள்ளம் தா மோளே. வேற ஒண்ணும் வேண்டாம்" என்று எழுந்தாள். 

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மினிக்குப் போன் போட்டாள். நெடுநேரம் அடித்தபிறகு மினி எடுத்தாள். "மாமி, நீங்க வச்சிட்டுப் போன வெள்ளம் முழுசும் குடிச்சாச்சு. இப்பம் சந்தோசமா?" குரலில் ஒரு சிறுபிள்ளைப் பெருமை இருந்தது. சிசிலி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கொதிக்க வைத்து, வற்றவைத்து, பிடிவாதமாக ஊற்றிக் கொடுத்தது எல்லாம் உப்பு. சகிரிச்சோற்றைக் கழுவின மாதிரியே பிள்ளையையும் கழுவியிருக்கிறாள்.

"இனி குடிக்காத மக்களே. அந்த வெள்ளத்தத் தொடாத."

"பின்ன என்னத்தக் குடிக்க?" என்றாள் மினி. பிறகு, "தலை வேதனிக்குது மாமி. காலத்தேருந்து உண்டு. கண்ணுக்கு முன்ன என்னமோ மின்னி மின்னிப் போவுது. படுத்தாச் செரியாவும்" என்றாள்.

நெய்யாற்றிங்கரையில் பஸ் மாறவேண்டும். மாறுகிற பஸ் எப்போது வரும் என்று கேட்டதற்கு ஒருவன் இப்போது என்றான், இன்னொருவன் போய்விட்டது என்றான். சிசிலி குப்பிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மாதாவே, மாதாவே என்பதற்கு மேல் ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. பஸ் வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. இறங்குகிறவர்கள் எல்லாம் வேண்டுமென்றே மெதுவாக இறங்குவதுபோலிருந்தது. தூரத்து ஊர்க்காரி ஒருத்தி சில்லறை தேடியபோது சிசிலிக்கு அவளைப் பிடித்துத் தள்ளவேண்டும்போல வந்தது. ததேயூஸுக்குப் போன் போட்டு, ஆட்டோ பிடித்து நிறுத்தச் சொன்னாள். எதற்கென்று கேட்டார். அவள் போனை வைத்துவிட்டாள். பஸ்ஸில் இத்தனை பேருக்கு முன்னால் அதை உரக்கச் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மினியைத்தான் பார்த்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் பளபளவென்று உப்பியிருந்தது, கண்கள் இடுங்கிப் போயிருந்தன. "பிள்ளைக்கு அனக்கம் உண்டா?" என்று வயிற்றில் கைவைத்தாள். "உண்டு மாமி, பேடிக்காதீங்க" என்றாள் மினி. கைக்கு ஒன்றும் தட்டவில்லை. கையை இடம் மாற்றி வைப்பதற்குள் ததேயூஸ் பின்னால் வந்து நின்றார்.

"ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு. சத்தியதாசு வந்துக்கிட்டிருக்கான். நீ இப்பிடி வெறச்சு நிக்கதுக்கு என்ன நடந்துது எடி?" என்றார் ததேயூஸ்.

"கெணத்து வெள்ளம் உப்பாயிட்டு."

"எனக்க கெணறா?" அவர் குரல் உயர்ந்தது. "யாருடி சொன்னது? மலைக்காரியா? இன்னா, இப்பமும் அதத்தானே குடிச்சேன். நல்ல ஒண்ணாந்தரம் வெள்ளமாக்கும்."

சிசிலி குப்பியைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். வீம்புக்கு அண்ணாந்து வாயில் விட்டார். தொண்டை அசைந்தது, நின்றது. குப்பியைக் கீழே இறக்கினார். மனைவியைப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று பின்புறம் போய் வாளியை இறக்கிக் கோரி, கையில் அள்ளிக் குடித்தார். துப்பினார். மறுபடி இறக்கி, மறுபடி கோரி, மறுபடி ருசி பார்த்தார். இந்த வாளியில் இல்லாவிட்டாலும் அடுத்த வாளியில் பழைய தண்ணீர் வந்துவிடும் என்பதுபோல அவர் கோரிக்கொண்டே இருந்தார். சகிரிச்சோறு கழுவும் தொட்டி நிறைந்து முற்றத்தில் வழிந்தது.

"எப்பம் மாறிச்சு?" என்று கிணற்றைப் பார்த்தபடி கேட்டார். "சிசிலி, இது எப்பம் மாறிச்சு?"

அவளுக்குத் தெரியாது. போன மழைக்கு முன்பா, போன கிறிஸ்துமஸுக்கா, மினி இந்த வீட்டுக்கு வலதுகால் வைத்த அன்றைக்கேவா? வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. "வாங்க, பிள்ளையப் பிடிங்க" என்றாள். அவர் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.  இருவருமாக மினியைத் தாங்கி ஏற்றினார்கள். அவர் முன்னால் சத்தியதாஸின் பக்கத்தில் இடுக்கி உட்கார்ந்தார்.

ஆட்டோ சந்துக்குள் திரும்பியதும் சிசிலி இரண்டாவது குப்பியை மினியின் வாயில் வைத்தாள். ஒரு மிடறுக்குப் பிறகு மினி கண்ணை அகலத் திறந்தாள். இரண்டு கையாலும் குப்பியைப் பிடித்துக்கொண்டாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற பிள்ளை, மூச்சு விடாமல் கடகடவென்று குடித்தாள். கழுத்தில் வழிந்ததை விரலால் வழித்து அதையும் நக்கினாள். குப்பி காலியானது.

"இன்னும் உண்டா மாமி?"

சிசிலி வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாயங்காலத் தண்ணீருக்கு நேரம். சந்தின் இருபுறமும் வீட்டுக்கு வீடு கப்பி கிறீச்சிட்டது. பெண்கள் கோரிக் கோரிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ததேயூஸின் கிணற்றுக்கும் அவர்கள் கிணறுகளுக்கும் நடுவில் ஒரு வேலி, ஒரு மதில், அவ்வளவுதான் இருந்தது. மண்ணுக்கு அடியில் அதுவும் கிடையாது. கிருபாபாயின் முற்றம் வந்தது. பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு வந்தவள், வாளியைக் கிணற்றுச் சுவரில் சாய்த்து வைத்து, குனிந்து ஒரு கையை ஏந்திக்கொண்டிருந்தாள்.

"கிருபா! குடிக்காத! எடீ, குடிக்காத!"

ஆட்டோச் சத்தத்தில் என்ன கேட்டதோ, கிருபாபாய் தலையைத் தூக்கிப் பார்த்தாள். தெரிந்த முகம் என்றதும் சிரித்தாள். ஏந்திய கையால் ஒரு வாய் குடித்து, புறங்கையால் உதட்டைத் துடைத்துவிட்டு, எங்கே புறப்பட்டீர்கள் என்று அந்த ஈரக் கையை ஆட்டிக் கேட்டாள்.